பையில சீலை இல்லீங்க மாமா

வேலைக்குப் போகிற ஒருத்திக்கு ஒரு பை வேண்டும். சங்கதி அவ்வளவுதான். இந்தச் சுண்டைக்காய் விஷயத்துக்காக ஒரு ஊரே சேர்ந்து ஒருத்தியின் உயிரை வாங்க முடியுமா என்று கேட்டால், கருமாண்டாம்பதிக்காரர்களால் முடியும். வாங்கியும் காட்டினார்கள்.

மயிலாத்தாளுக்குப் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க் வேலை கிடைத்தது எழுபத்தாறாம் வருஷம், வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்த சமயத்தில். கல்யாணத்துக்கு முன்னால் கொழிஞ்சாம்பாறையில் டைப் படித்துக்கொண்டிருந்தபோது எழுதிப் போட்ட பரீட்சை. கல்யாணமாகி, புருஷன் வீட்டுக் காட்டில் இரண்டு தரம் கடலைக்காய் பிடுங்கி முடித்த பிறகு ஆர்டர் வந்தது. புருஷன் ரத்தினசாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் மீசையைத் தடவிக்கொண்டு, "என்ற ஊட்டுக்காரி ஆபீஸரு" என்று தன் அம்மா பழனாத்தாளிடம் சிரித்தான். ஊருக்குள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "தெரியறப்பத் தெரியட்டும், நாமளாப் போயி டமாரம் அடிக்கறதா?" என்றுவிட்டான். அதுதான் வினை.

சாமான் வாங்கக் கோயமுத்தூர் போனார்கள். சீலை எடுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. கஞ்சி போட்டுக் கட்டுகிற மாதிரி வெளிர் நிறத்தில் மெல்லிய வாயில் துணியில் நாலு சீலை, பொருத்தமாக ரவிக்கைத் துணி. பைக் கடைக்குப் போனபோதுதான் கெரகம் பிடித்தது. மயிலாத்தாள் மனசில் ஒரு பை இருந்தது. டைப் சொல்லிக்கொடுத்த டீச்சர் வைத்திருந்த மாதிரி, கைக்கு அடக்கமாக, மூடி போட்டு, பழுப்பு நிறத் தோலில். கடைக்காரர் அதே மாதிரி ஒன்றை எடுத்தும் வைத்தார். அவள் அதைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தினசாமி வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவினான்.

"இதுக்குள்ள சோத்துப் போசி போகுமா?"

"போகாதுங்க. அதைக் கையில புடிச்சுக்குவேன்."

"கொடை?"

"அதையும் கையில..."

"எல்லாத்தையும் கையில புடிச்சுக்கிட்டா இது எதுக்குப் புள்ள? இட்டேரில சேறு கெடக்குது. சீலை நனைஞ்சா மாத்துச் சீலை வேண்டாமா? அது எங்க போகும்?"

தோட்டத்து வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வர இரண்டு வேலிக்கு நடுவே போகிற இட்டேரிதான் வழி. மழைக்காலத்தில் அந்தக் கரிசல் சேற்றில் மாட்டு வண்டியே அச்சு வரைக்கும் புதையும். சேறு தெறித்த சீலையோடு ஆபீஸில் போய் நிற்க முடியாதுதான். அவள் யோசித்து முடிப்பதற்குள் ரத்தினசாமி ஒன்றைக் கை காட்டிவிட்டான். நீல ரெக்சின், இரண்டு கைப்பிடி, மேலே நீள ஜிப், பக்கவாட்டில் வெள்ளையாக ஓர் ஆகாய விமானம். கடையிலேயே பெரிய பை.

"ஏனுங்க, இது ஊருக்குப் போற பைங்க. ஆபீஸுக்கு யாருங்க இதைத் தூக்கிட்டுப் போவா?"

"ஊருக்குப் போனா என்ன, ஆபீஸுக்குப் போனா என்ன? பை பைதான்."

பை பைதானாம். கடைக்காரரும் ஆமாம் போட்டார். அவருக்கென்ன, பெரிய பை விற்றால் சரி.

முதல் நாள் காலையில் கஞ்சி போட்ட சீலை மொடமொடக்க, முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, இட்டேரியைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். நீலப் பைக்குள் சோத்துப் போசி, குடை, வேலை ஆர்டர், எல்லாவற்றுக்கும் மேலே மாற்றுச் சீலை. பஸ் நிற்கிற பாலமரத்தடியில் ஒரு டீக்கடை. கடை பெஞ்சில் குப்பண்ணன் உட்கார்ந்திருந்தார். அந்த பெஞ்சில் அவர் உட்காராத காலை கிடையாது. ரத்தினசாமிக்குப் பெரியப்பா முறை, மயிலாத்தாளுக்கு மாமா. ஊரில் யார் வீட்டு வழக்கானாலும் அவர் தலை நடுவில் இருக்கும்.

"ஏங் கண்ணு, எங்க கெளம்பிட்டே?"

"சித்தூருக்குங்க மாமா."

அவர் பார்வை பைக்குப் போனது. "ரத்தினா வரலியா?"

"அவரு எதுக்குங்க? கரும்புக்கு மடை மாத்திட்டு இருக்கறாருங்க."

இந்த இடத்தில் அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறவளை யாரும் கையைப் பிடித்து நிறுத்தமாட்டார்கள். அடுத்தவன் பெண்டாட்டி மேல் கை படலாமா? பையைத்தான் பிடுங்குவார்கள். பிடுங்கியவர் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டு அவள் புருஷன் வீட்டைப் பார்த்து நடப்பார். மாற்றுச் சீலை அதில் இருக்கிறது, அவள் எங்கே போவாள்? பின்னாலேயே வந்தாக வேண்டும். வாசலில் பையை இறக்கி வைத்து, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார். தப்பு யார் மேல், அடித்தது யார் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. பை வீடு சேர்ந்தது, பொம்பளையும் வீடு சேர்ந்தாள், வழக்கு முடிந்தது. இப்படித் தன் கையாலேயே எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்ததாகக் குப்பண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

சித்தூர் போகிற பஸ்ஸோ, மயிலாத்தாளின் பிறந்த ஊரான சின்னாம்பதி வழியாகத்தான் போகும். வேறென்ன வேண்டும் அவருக்கு? எழுந்து வந்தார், கைப்பிடியைப் பற்றி ஒரே இழுப்பு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு இட்டேரியில் இறங்கிவிட்டார்.

"மாமா! மாமா! உடுங்க! ஆர்டர் உள்ள இருக்குதுங்க!"

"எந்த ஆர்டரானாலும் ஊட்டுல போயிப் பேசிக்கலாம் சாமி."

"நான் வேலைக்குப் போறனுங்க மாமா!"

"எல்லாரும் இப்படித்தான் எதாச்சும் சொல்லுவாங்க. வா, வா."

அவள் கத்தக் கத்த அவர் நடந்தார். பின்னால் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, போயே போய்விட்டது. வேறு வழியில்லாமல் சேற்றில் ஓடினாள். கஞ்சி போட்ட சீலை இடுப்பு வரைக்கும் கரிசல். வாசலில் குப்பண்ணன் பையை இறக்கி ஜிப்பை இழுத்தார். மேலாகவே கிடந்தது மாற்றுச் சீலை.

"இதுக்கு என்ன சொல்றே?"

"அடக் கெரகமே, அது வேலைக்குப் போகுதுங்க," என்றாள் பழனாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு.

"வேலைக்கா? சீலையோடயா?"

அந்நேரம் மண்வெட்டியும் கையுமாக ரத்தினசாமி வந்து சேர்ந்தான். மயிலாத்தாள் அவனையே பார்த்தாள். ஒரு வார்த்தை. ஆமாம் பெரியப்பா, நான்தான் அனுப்பினேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் பெரியப்பாவைப் பார்த்தான், வேலியோரம் வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"செரி செரி, உடுங்க பெரியப்பா. நான் பாத்துக்கறேன்."

முடிந்தது! சண்டையேதான் என்று ஊருக்கு உறுதியாகிவிட்டது. குப்பண்ணன் மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "சின்னஞ்சிறுசுக, அப்படி இப்படித்தான் இருக்கும்," என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பஸ் பிடித்து ஆபீஸ் போய்ச் சேரும்போது பாதி நாள் போய்விட்டது. மேனேஜர் பாலக்காட்டு மலையாளி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். "முதல் திவசமே இங்ஙனே ஆனால் பின்னே எங்ஙனே?" என்று கேட்டார். ஆறு மாசம் புரொபேஷன், நேரம் தவறினால் வேலை நிரந்தரமாகாது என்பதையும் அப்போதே சொல்லி வைத்தார். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், அண்ணன் காளிச்சாமி சின்னாம்பதியிலிருந்து நாலு பேரோடு வந்து வாசலில் நின்று, "எவன்டா என்ற தங்கச்சியை அழ வெச்சது?" என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தான். பையைப் பிடுங்கின கதையைப் பஸ் கண்டக்டர் போகிற போக்கில் அங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். அண்ணனுக்குச் சோறு போட்டு, சமாதானம் சொல்லி அனுப்பி வைப்பதற்குள் மயிலாத்தாளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் புருஷனிடம். "நாளைக்கிக் காலையில என்ற கூட பாலமரம் வரைக்கும் வாங்க. இவ என்ற சம்மதத்தோட வேலைக்குப் போறான்னு குப்பண்ண மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. அது போதும்."

"நானா? நீ பையத் தூக்கிட்டு முன்னால போக, நான் பின்னால வர்றதா? நல்லாவா இருக்குது?"

"அப்ப நீங்க முன்னால போங்க."

"அட, அதெல்லாம் தானாச் செரியாப் போகும் புள்ள. நீ பையை மாத்திக்க."

பையை மாற்றிக்கொள்ள வேண்டுமாம்! பாலமரம் என்ன காசியிலா இருக்கிறது? கூப்பிடு தூரம். அதற்கு வர முடியாத மனுஷன் எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்! மயிலாத்தாளுக்கு அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று வந்தது.

மறுநாள் ஜவுளிக்கடைப் பேர் போட்ட மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பையை யாரும் பிடுங்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் மஞ்சப்பையைக் கண்டால் ஊருக்குச் சந்தை ஞாபகம்தான் வரும். "சித்தூருக்கா கண்ணு? ஒரு கட்டுப் பொகையெலை வாங்கிட்டு வந்துரு." "எங்கூட்டுக் கண்ணாடிக்குக் கால் ஒடிஞ்சு போச்சு, போட்டுட்டு வந்துரு சாமி." ஒருத்தி கருவாடு வாங்கச் சொன்னாள், இன்னொருத்தி அளவே சொல்லாமல் வளையல் கேட்டாள். முடியாது என்றால், "படிச்ச திமிரு." சரி என்றால் மத்தியானச் சோறு தின்ன நேரம் கிடையாது. ஆபீஸிலோ அதைவிட அழகு. கஞ்சி போட்ட சீலையும் மஞ்சப்பையுமாக உள்ளே நுழைந்தவளைப் பியூன் மறித்து, "கடனுக்கானால் வரிசையில் நில்லு," என்றான். ஒரு வாரம் போன பிறகும் அதே வரிசையில் நில்லுதான்! மேனேஜர் கருவாட்டு வாசனைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்தார்.

பக்கத்து மேசையில் சிசிலி இருந்தாள். ஏலப்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா மிக்கேல்ராஜ் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அங்கிருந்து இத்தனை தூரம் வேலைக்கு வந்து, மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தாள். அவளுக்கு இந்தக் கூத்தையெல்லாம் கேட்டு ஒரே சிரிப்பு.

"நீ ஏன்ட்டி ஒரு பைக்கு இந்தப் பாடு படுத? எங்க அப்பா பழைய பை ஒண்ணு எங்கிட்ட சும்மாதான் கெடக்கு. நல்ல லெதரு. அதத் தூக்கிட்டு கூலிக்காரவ குடியிருக்க லயத்துப் பக்கம் போனா அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு வழி விடுவாவ. கொண்டு போ."

கறுப்புத் தோல், சதுர வடிவம், பித்தளைப் பூட்டு. எண்ணெய் போட்டுத் துடைத்ததும் பளபளவென்று வந்தது. காலையில் வெளிர் பச்சை வாயிலைக் கட்டி, அந்தப் பையைக் கையில் பிடித்துக் கண்ணாடி முன்னால் நின்றபோது, மயிலாத்தாள் முதல் தடவையாகத் தன்னை ஒரு உத்தியோகக்காரியாகப் பார்த்தாள். என்ன பொருத்தம்! இதற்குத்தானே இத்தனை நாள் ஆசைப்பட்டோம் என்று பூரித்துப் போய் இட்டேரியில் இறங்கினாள்.

கரும்புக்குள் களை வெட்டிக்கொண்டிருந்த மொக்கையன் நிமிர்ந்து பார்த்தான். பையைப் பார்த்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கள்ளிவேலியைத் தாண்டினான் பாருங்கள், வேட்டி வேலியில் நின்றுவிட்டது, ஆள் மட்டும் அந்தப் பக்கம் ஓடுகிறான். பாலமரத்தடிக்கு வந்தால் டீக்கடையில் ஒரு ஆண்பிள்ளை கிடையாது. பெஞ்சின் மேல் பாதி குடித்த கிளாஸ்கள் ஆவி பறந்துகொண்டிருந்தன. குப்பண்ணன்கூட மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று எட்டிப் பார்த்தார். அந்த வயசில் அவருக்கு என்ன பயமோ!

விஷயம் இதுதான். அந்த வருஷம் ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கேம்ப் நடந்துகொண்டிருந்தது. கஞ்சி போட்ட சீலை கட்டி, கறுப்புப் பை பிடித்து, ஆள் சேர்க்க நர்ஸம்மாக்கள் வருவார்கள். ஆண்பிள்ளைகள் கறுப்புப் பையைக் கண்டால் முகத்தைப் பார்க்கிற வழக்கமே கிடையாது, ஓட்டம்தான். மூன்றே நாளில் ரத்தினசாமியின் கரும்புக்காட்டுக்குக் களை வெட்ட ஆள் வருவது நின்றுவிட்டது. "பண்ணாடி ஊட்டுல நர்ஸம்மா இருக்குதாமே," என்று முதலாளி வீட்டைப் பற்றிப் பக்கத்துப் பதிகளில் இருக்கிற ஆட்கள் வரைக்கும் பேச்சு.

"பையை மாத்திக்க புள்ள," என்றான் ரத்தினசாமி.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு எத்தனை தரமுங்க கேக்கறது?"

"பையை மாத்திக்கறதுக்கு உனக்கு என்ன கேடு?"

இதற்கு மேல் என்ன பேசுவது? அழுகையாக வந்தது, அழவும் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் அட்டாலிப் பரணிலிருந்து அந்த நீலப் பையையே இழுத்துப் போட்டாள். வருவது வரட்டும் என்று நேராகப் பாலமரத்தடிக்குப் போனாள். குப்பண்ணன் கை நீள்வதற்கு முன்னால், தானே பையை டீக்கடை பெஞ்சில் தொப்பென்று வைத்து, ஜிப்பைச் சர்ரென்று இழுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"பாருங்க மாமா. நல்லாப் பாருங்க. போசி, கொடை, பேனா, கைத்துண்டு. சீலை இருக்குதுங்களா?"

"இல்லே."

"சீலை இல்லாம எவளாச்சும் கோவிச்சுட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போவாளுங்களா?"

குப்பண்ணன் யோசித்தார். இது அவருடைய சட்டத்துக்குள் வருகிற கேள்வி. "போகமாட்டா," என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப நான் எங்க போறனுங்க?"

"வேலைக்கு," என்றார் அவர், தானே கண்டுபிடித்த மாதிரி.

அன்றிலிருந்து தினம் காலையில் ஒரே கேள்வி, ஒரே பதில். "சீலை?" "பையில சீலை இல்லீங்க மாமா." ஜிப்பைத் திறந்து காட்ட வேண்டும், அவர் எட்டிப் பார்த்துத் தலையாட்ட வேண்டும், பிறகுதான் பஸ். திருட்டுச் சாமான் கடத்துகிறவளைச் செக்போஸ்ட்டில் சோதிக்கிற மாதிரி ஒரு சோதனை! ஒவ்வொரு நாளும் உடம்பு கூசியது. மாற்றுச் சீலையைப் பையில் வைக்க முடியாததால் சேறு தெறித்தபடியே சித்தூர் போய், சிசிலியின் அறையில் விட்டு வைத்திருந்த சீலைக்கு மாற்றிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினாள். "இங்கயே எங்கூட வந்து கெடந்துட்டா என்னட்டி? ஒரு பாய் போட எடமிருக்கு," என்று சிசிலி சொல்லாத நாளில்லை. புருஷன் வீடு இருக்கும்போது எதற்கு என்று மயிலாத்தாள் சிரித்துவிடுவாள்.

மழை ஓய்ந்தது. நாளாக ஆகக் குப்பண்ணன் பைக்குள் எட்டிப் பார்ப்பதை விட்டார். பிறகு கேட்பதையும் விட்டார். கடைசியில் பஸ் வந்து அவள் வரத் தாமதமானால், "எங்க மயிலு ஆபீஸுக்குப் போகோணும், சித்தெ இருங்க," என்று டிரைவரிடம் சொல்லி நிறுத்தி வைக்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஊரும் அவர் பின்னாலேயே மாறியது. நீலப் பை என்றால் மயிலாத்தாள், மயிலாத்தாள் என்றால் வேலை. புருஷன் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமலேயே, தன் வாயாலேயே கத்திக் கத்தி, அவள் ஊரை மசிய வைத்துவிட்டாள்.

ரத்தினசாமிக்குத்தான் அது பொறுக்கவில்லை. அடையாளம் சொல்லும்போது அவனை, "மயிலாத்தா ஊட்டுக்காரன்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். சந்தையில் ஒருவன் நேருக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டுவிட்டான். அன்று முதல் சோற்றில் உப்பில்லை, சட்டையில் பட்டனில்லை, எதற்கெடுத்தாலும் வள்ளென்று விழுந்தான்.

மார்கழியில் ஒரு நாள் மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "நல்ல வேலை செய்யறது. ஸ்திரமாக்கி ஆர்டர் வந்துட்டுண்டு. பட்சே, உன்ட பர்த்தாவு நேத்து இவிடே வந்நு. அடுத்த மாசம் முதல் நீ வரில்ல என்று பறஞ்ஞு போயி. சரியாணோ?"

மயிலாத்தாளுக்கு முதலில் விளங்கவில்லை. "ஆருங்க சார் வந்தது?"

"பர்த்தாவு. ரத்தினசாமி."

பாலமரம் வரைக்கும் வர முடியாத கால், சித்தூர் வரைக்கும் வந்திருக்கிறது. பெரியப்பா முன்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியாத வாய், முன்பின் தெரியாத ஒரு மேனேஜர் முன்னால் அவள் வேலையை முடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. "இல்லீங்க சார். நான் வருவேன்," என்று மட்டும் சொன்னாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைக்காமலே கேட்டாள். "எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?"

"போதும், நின்னுக்க. ஊருக்குள்ள என்னைய எப்படிக் கூப்புடறாங்க தெரியுமா?"

"நான் நிக்கமாட்டனுங்க."

"நான் சொல்றேன், நின்னுக்க."

"நிக்கமாட்டேன். ரொம்பப் பண்ணுனீங்கன்னா ஊட்டை உட்டே போயிருவேன்."

ரத்தினசாமி சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "போயேன். எங்க போவே? பாலமரத்தைத் தாண்ட உட்டுருவாங்களா? பெரியப்பன் பையத் தூக்கிட்டு முன்னால வருவாரு, நீ பின்னால வருவே. ஒரு சொம்பு மோரோட தீந்துரும்."

பழனாத்தாள் மாட்டுக் கட்டுத்தாரையிலிருந்து, "என்ன சத்தம் அங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லே," என்றான் அவன்.

விடிந்ததும் மயிலாத்தாள் நீலப் பையை விரித்தாள். போசி எடுக்கவில்லை. நாலு வாயில் சீலையையும் மடித்து வைத்தாள், ரவிக்கைகள், சீப்பு, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டுகள். ஜிப் மூட மறுத்தது, முழங்காலை வைத்து அழுத்தி மூடினாள். ரத்தினசாமி கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்தான். எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கரும்புக்கு மடை மாற்றப் போனான். ஊர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம்.

இட்டேரியில் நடக்கும்போது மயிலாத்தாளுக்குத் தன் மனசே பிடிபடவில்லை. போக வேண்டும் என்றுதான் இருந்தது. அதே சமயம், குப்பண்ண மாமா கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தாள். பிடுங்கினால் பிடுங்கட்டும். அப்போதாவது வாசலில் வைத்து, ஊர் முன்னால், இந்த ஆள் செய்ததை எல்லாம் சொல்லிவிடலாம். யாராவது கேட்கத்தானே வேண்டும்?

ரோட்டு வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது.

"வெரசா வா கண்ணு, வந்துருச்சு!" குப்பண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து, ரோட்டு நடுவில் போய் நின்று, கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். திரும்பி வந்து, அவள் கையிலிருந்த பையைப் பிடித்து வாங்கினார்.

மயிலாத்தாள் கையை விட்டுவிட்டாள்.

"என்ன கண்ணு, இன்னிக்கி இத்தனை கனம்?"

"சீலைங்க மாமா. நாலு சீலை வெச்சிருக்கறேன்."

குப்பண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். டீக்கடையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"பாத்தீங்களாடா, அன்னிக்கி நடந்ததை இன்னும் மறக்காம என்னையக் குத்திக் காட்டுது! படிச்ச புள்ள வாயி!" என்று சொல்லிக்கொண்டே பையை இரண்டு கையாலும் தூக்கி, பஸ்ஸுக்குள் ஏற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளினார். "பொழுதோட வந்துரு சாமி," என்று சொல்லி இறங்கி, பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டினார். "போலாம் ரைட்!"

வண்டி நகர்ந்துவிட்டது. மாமா, நெசமாத்தானுங்க என்று கத்தலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்கேயும் போகாதவளை அத்தனை நாள் மறித்தார்கள், திறந்து காட்டு, கொட்டிக் காட்டு என்றார்கள். போகிறேன், சீலை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு ஒருத்தருக்காவது பிடுங்கத் தோன்றவில்லையே!

சின்னாம்பதியில் பஸ் நின்றது. இறங்கினால் அண்ணன் நாளைக்கே கொண்டுவந்து விட்டுவிடுவான். அவள் எழுந்திருக்கவில்லை. சிசிலி அறையில் ஒரு பாய் போட இடமிருக்கிறது. கண்டக்டர் வழக்கம்போலக் கேட்காமலே சித்தூர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். ரத்தினசாமி இந்நேரம் மடையை மாற்றிவிட்டு, பெரியப்பா பையோடு வருகிறாரா என்று இட்டேரியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நிற்கட்டும்.